ஊசி பிடிக்கும்வரை காத்திருந்தவர்

திங்கட்கிழமை காலை பல் கிளினிக்கிலிருந்து உதவியாளர் சாந்தி போன் செய்தபோது, நேரத்தை மாற்றத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். "டாக்டரம்மா போயிட்டாங்கண்ணா. விடியக்காலைல நெஞ்சு வலிங்க" என்றாள். கோத்தகிரியில் டாக்டர் கோமதியிடம் வாய் திறந்து உட்கார்ந்தவர்கள் பலருக்கும் இப்படித்தான் செய்தி வந்திருக்கும். எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. என் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் பாதியில் நிற்கிறது. ஒரு வேர் இன்னும் சுத்தம் செய்யப்படவில்லை. இனி யாரை நம்பி வாயைத் திறப்பேன்?

நான் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். சுடச்சுடத் தேநீரை உறிஞ்சி, ருசி பார்த்துத் துப்புவது என் தொழில். பல் வலித்தபோது, எங்கள் ஆட்கள் வழக்கமாகச் செய்வதுபோல, ருசி மேசையிலிருந்த கடுஞ்சாயத்தையே சூடாக வாயில் அடக்கி வைத்தேன். மறுநாள் கன்னம் வீங்கிவிட்டது. டாக்டரம்மா தலையில் கைவைத்துச் சிரித்தார். "ஏனுங்க, சூடு பட்டா இந்த வலி இன்னும் ஏறுமுங்க. ஃபேக்டரிக்காரங்க அத்தன பேரும் வாய வேக வெச்சுட்டுத்தான் எங்கிட்ட வர்றீங்க."

முன்பொரு முறை வேறு ஊரில் ஊசி போட்டு மரத்துப்போகும் முன்பே ஒருவர் பல்லைக் குடைந்துவிட்டார். அன்றிலிருந்து பல் டாக்டர் நாற்காலி என்றாலே நாள்கணக்கில் தள்ளிப்போடுவேன். வீங்கிய கன்னத்தோடு போன அன்று டாக்டரம்மா ஊசி போட்டு, கருவியை உள்ளே விட்டதும் சுரீரென்றது. ஆம்பளை கத்தலாமா என்று பல்லைக் கடிக்கவும் வழியில்லாமல் கிடந்தேன். அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

"கண்ணுல தண்ணி நிக்குது, வலிக்கலைன்னு தலையாட்டறீங்க. சீழ் புடிச்ச எடத்துல மருந்து சட்டுனு கேக்காதுங்க. அது உங்க கோழைத்தனம் இல்ல. சொன்னாத்தானுங்க எனக்குத் தெரியும்?"

இன்னொரு ஊசி போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வெளியே ஆட்கள் முணுமுணுத்தார்கள். "அவங்களுக்கும் இப்படித்தான் காத்திருப்பேன்னு சொல்லு சாந்தி" என்றார். குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்து, எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று உறுதியான பிறகே தொட்டார்.

அன்று மரத்த வாயோடு வேலைக்குப் போய் உதட்டைச் சுட்டுக்கொண்டேன். "நாக்குத்தான உங்க சோறு? அதத் தூங்க வெச்சுட்டு வேலைக்குப் போவாங்களா?" என்று அடுத்த முறை போனபோது திட்டினார். பிறகு ஃபேக்டரி ஓடாத திங்கட்கிழமைகளிலேயே எனக்கு நேரம் கொடுத்தார்.

டாக்டரம்மாவின் காரியம் முடிந்த வாரமே கன்னம் மறுபடி வீங்கியது. இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு, குன்னூரில் ஒரு இளம் டாக்டரிடம் போனேன். நல்ல பிள்ளைதான். உதடு மரத்தது. ஆனால் மிச்சமிருந்த வேரில் கருவியின் முனை பட்டதும் உச்சந்தலை வரை வலி ஏறியது. "முடிஞ்சுது சார், ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்க" என்றார். பொறுத்துக்கொள்ளத்தான் போனேன். என்ன தோன்றியதோ, அவர் கையைத் தள்ளிவிட்டேன்.

"வலிக்குதுங்க டாக்டர். இன்னும் மரக்கல. நிறுத்துங்க."

நிறுத்திவிட்டார். வேறு ஊசி எடுத்து வந்தார். அது பிடிக்கும்வரை அந்த நாற்காலியில் கிடந்தபோதுதான் டாக்டரம்மாவுக்காக அழுதேன். அவர் எனக்கு விட்டுப்போனது, வலிக்கிறது என்று சொல்ல வெட்கப்படாத இந்த வாய்.