கட்டி வெட்டிய திருட்டு வாய்க்கால்

சிங்கம்புணரிப் பக்கம் எங்களுக்குக் கண்மாய்ப் பாசன வயல். போன கோடையில் என் கணவருக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. வலியே இல்லை. உடம்புச் சூடு என்று நினைத்து இளநீரும் வெந்தயமும் கொடுத்தேன். ரத்தம் நின்றது. என் வைத்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

காரைக்குடியில் உயிர்வேதியியல் எம்.எஸ்சி. படிக்கும் எங்கள் மகள் விடுமுறைக்கு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் பதறிவிட்டாள். "நின்னுட்டா சரியாப் போச்சுன்னு இருந்துராதீகப்பா. உள்ள கட்டி இருக்கலாம். டாக்டர்கிட்டப் போகணும்" என்றாள். அவர் அசையவில்லை.

"கட்டி வளர ரத்தம் வேணும்ப்பா. அது ஒரு பொருளைச் சுரந்து, பக்கத்து ரத்தக்குழாயில இருந்து தனக்குன்னு புதுக்குழாய் இழுத்துக்கும். கண்மாயில திருட்டு வாய்க்கா வெட்டுற மாதிரி. அவசரத்துல வெட்டுன கரை நிக்குமா? அப்பப்பக் கசியும்."

தண்ணீருக்காக ஊரையே எதிர்த்து நிற்கும் மனிதர், துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "எனக்குள்ளயே திருட்டு வாய்க்காலா? கெளம்புங்க மதுரைக்கு!"

சிறுநீர்ப்பையில் சுண்டைக்காய் அளவுக் கட்டி. புற்றுதான். ஆரம்பம் என்பதால் முழுதாக எடுத்துவிட்டார்கள்.

இப்போது யார் வீட்டில் இப்படி என்றாலும், இளநீர் வெட்டுமுன் டாக்டரிடம் அனுப்புகிறேன். அவரோ டீக்கடையில் வாய்க்கால் கதையைச் சொல்லி, "எம் மக சொன்னது" என்று சேர்க்காமல் எழுந்திருப்பதே இல்லை.