எல்லாம் பச்சை

எங்கள் டீம் லீடருக்கு முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் மாமா. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரைப் போல, "எல்லாரும் சந்தோஷமா இருக்கீங்களா?" என்று சுற்றிச் சுற்றி வருவார். நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனிடம் வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தவர், காபி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பலகையை மாட்டினார். காலையில் வந்ததும் அவரவர் பெயருக்கு எதிரே காந்த வட்டு ஒன்றை ஒட்ட வேண்டும். மனசு நன்றாக இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. முதல் வாரமே நான் சிவப்பு வைத்தேன். சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவுதான். அய்யோ! மீட்டிங் அறையில் உட்காரவைத்து ஒரு மணி நேர விசாரணை. வேலை அப்படியே கிடந்தது. அன்றோடு எல்லாரும் பச்சைக்கு மாறிவிட்டோம். மாமாவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. பலகையைப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார்.

அப்புறம்தான், எங்கள் புரோகிராம்களைச் சோதித்துத் தப்புக் கண்டுபிடிக்கிற அக்கா, வேலையை விடப்போவதாகச் சொன்னார். அவர் போனால் டீமே படுத்துவிடும்.

"நேத்துகூடப் பச்சைதானேம்மா வச்சீங்க?" மாமாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"டெஸ்ட் ஃபெயில் ஆனா புரோகிராமைச் சரி பண்ணாம, இவங்க டெஸ்ட்டையே பாஸ் ஆகிற மாதிரி மாத்திடறாங்கன்னு எத்தனை தடவை கத்தினேன் சார்? யாராவது காதுல போட்டுக்கிட்டீங்களா? சரின்னு நானும் உங்க பலகையில அதையே பண்ணிட்டேன்."

"சிவப்பு வச்சிருக்கலாமே?"

"வச்சா விசாரிப்பீங்க. அப்புறம் என் வேலைய யாரு பாக்கறது?"

மாமா எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். யார் மேல் கோபப்படுவது என்றே எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை மாமாவின் வட்டு சிவப்பு! விசாரிப்பதா, சும்மா விடுவதா? கப்பும் கையுமாக முழித்தோம். அக்காதான் கேட்டார்.

"என்ன சார் ஆச்சு?"

"தெரியலம்மா. உங்ககிட்ட எதைக் கேக்கறதுன்னே தெரியல."

அக்கா பெருமூச்சு விட்டு, தன் மேஜைப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. மாத்தி வச்ச டெஸ்ட்டையெல்லாம் காட்டறேன்."

பொழுது சாயும்வரை மாமா அங்கேயே இருந்தார். சந்தோஷமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சரியாகிவிட்டதா, கைமீறிவிட்டதா, எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கிளம்பும்போது அக்கா தன் பச்சை வட்டை எடுத்துவிட்டுச் சிவப்பை ஒட்டினார். நான் ஓடிப்போய்க் கேட்டேன்.

"அப்போ நிஜமாவே போறீங்களாக்கா?"

"போறவளுக்கு இதை மாத்தி வைக்கணும்னு என்னடி தலையெழுத்து?" என்றார்.