பாலத்தம்மாவின் பாஸ்போர்ட் படம்

அந்தத் தெருவில் ‘ஆடாதீங்க’ என்றால் ஸ்டுடியோக்காரர் என்று அர்த்தம். ஸ்டூலில் உட்கார்ந்தவரின் தாடையை ஒற்றை விரலால் நிமிர்த்தி, சட்டைக் காலரை இழுத்துவிட்டு, “ஆடாதீங்க” என்பார். வீறிட்டு அழும் குழந்தைகூடக் கப்சிப். பாஸ்போர்ட், அடையாள அட்டை என்று பாதி நகரத்துக்கு முகம் எடுத்துக் கொடுத்தவர் அவர்.

அப்பேர்ப்பட்ட மனுஷர் ஆசை ஆசையாக எடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? ஆடுகிற ஒன்றைத்தான். நகரத்து நடுவில் ஓடும் ஆற்றின்மேல் ஒரு ரயில் பாலம் இருக்கிறது. கப்பல் வந்தால் மணி அடிக்கும். பாலம் நடுவில் பிளந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கும். கப்பல் போனதும் மறுபடி மணி அடிக்கும்; கைகள் மெல்ல இறங்கி, தண்டவாள முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், கடைக்குப் பூட்டைப் போட்டுவிட்டு, முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடுவார்.

பாலத்தைத் தூக்கி இறக்குவது வேறு யாருமில்லை, அவருடைய மனைவிதான். கரையோரம் உயரமான தூண்களின்மேல் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அந்த அம்மாளை எல்லோரும் பாலத்தம்மா என்பார்கள்.

“பொண்டாட்டிய விட்டுட்டு இரும்பக் கட்டிக்கிட்டு அழறீங்களே, அந்தப் பாலமா உங்களுக்குச் சோறு போடுது?” என்பார் பாலத்தம்மா.

“உனக்குப் போடுதில்ல? அதுல எனக்கும் ஒரு கவளம்” என்பார் இவர்.

இப்படியே போயிருக்கும். வெளிநாட்டில் இருக்கிற மகளுக்குத் தலைப்பிரசவம் நெருங்கியதும் வந்தது வினை. “அம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா. நீ பக்கத்துல இருக்கணும்” என்று போனில் அழுதாள் பெண். அம்மாவின் பாஸ்போர்ட்டோ காலாவதியாகிக் கிடந்தது. புதுப்பிக்க ஒரே ஒரு படம் வேண்டும், கண் திறந்த படம்.

அங்கேதான் சிக்கல். பாலத்தம்மா பிறந்ததிலிருந்து எந்தப் படத்திலும் கண் திறந்ததில்லை. கேமரா தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்தாலே இமை இரண்டும் கடையடைப்பு நடத்தும். கல்யாண ஆல்பத்தைப் பார்த்தவர்கள், “பொண்ணு நின்னுக்கிட்டே தூங்குதே” என்று கேலி செய்தார்கள். பழைய பாஸ்போர்ட் காலத்தில் இருந்த அதிகாரி அரைக்கண்ணையே போனால் போகிறது என்று விட்டுவிட்டார். இப்போது படத்தைச் சரிபார்ப்பது கம்ப்யூட்டர். அதற்கு ஏது தாட்சண்யம்? அனுப்ப அனுப்பத் திருப்பி அனுப்பியது.

ஸ்டுடியோக்காரர் தலைகீழாக நின்று பார்த்தார். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தார். விடாமல் தொடர்ந்து எடுத்தார். ஜோக் சொல்லி எடுத்தார். கண்ணைத் திற என்று அதட்டினால், யாரோ கழுத்தை நெரிப்பது போல விழித்து அடுத்த நொடியே இறுக்கிக்கொண்டார் அம்மாள்.

“உங்க வெளிச்சம்தான் சரியில்ல.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

கோபித்துக்கொண்டு எதிர்த்தெரு ஸ்டுடியோவுக்குப் போனார் அம்மாள். அங்கேயும் அதே கதைதான். அதைக் கேட்டு இவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் அம்மாள் சோற்றை அளைந்துகொண்டே, “இந்த வாரமும் போச்சுன்னா அவ தனியாத்தான் பெத்துக்கணும்” என்றதும் அந்தச் சந்தோஷம் செத்தது. ஊருக்கெல்லாம் படம் எடுத்துக் கிழித்து என்ன, சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு படம் எடுக்க வக்கில்லையே என்று நொந்துபோனார்.

அந்தச் சமயம் துறைமுக ஆபீஸ்காரர்கள் தங்கள் வரவேற்பறைச் சுவருக்குப் பாலத்தின் படம் ஒன்று கேட்டிருந்தார்கள். கதவகலத்துக்கு அச்சடித்து, கடைச் சுவரில் மாட்டி, தூசு புள்ளி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டு வந்தார். பாலத்தின் கைகள் இறங்கி, முனைகள் ஒட்டப்போகிற நேரம். ஓரத்தில் கண்ணாடி அறை. ஜன்னலில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முகம். இரண்டு கண்ணும் அகலத் திறந்திருந்தன.

கம்ப்யூட்டரில் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். பாலம் இறங்கும் படம் ஒவ்வொன்றிலும் அதே கண்கள். “அடப்பாவி! கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேனே!” என்று வாய்விட்டே சொன்னார்.

வீட்டுக்குப் போன கையோடு கேட்டார். “பாலம் இறங்குறப்ப நீ கண்ணே சிமிட்ட மாட்டியா?”

“எப்படிச் சிமிட்டுறது? முனை சேர்ந்து, பூட்டு விழுந்து, பச்சை எரியுற வரைக்கும் கண்ண அந்தண்ட இந்தண்ட எடுக்கக்கூடாது. ரயில் நிறைய ஜனம் காத்துக்கிட்டிருக்கில்ல?”

மறுநாள் அம்மாளைக் கடைக்கு இழுத்துவந்தார். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூல். எதிரே அந்தப் பெரிய பாலப் படம். தண்டவாள முனைகள் சேரும் இடத்தில் வட்டமாக வெட்டி, லென்ஸை அதற்குள் நுழைத்து வைத்திருந்தார். துறைமுக ஆபீஸுக்கு இன்னொன்று அச்சடித்துக் கொண்டால் போகிறது.

“என்ன கூத்து இது?”

“பேசாம உட்காரு.” சைக்கிள் மணி ஒன்றை எடுத்து விடாமல் அடித்தார். “கப்பல் போயாச்சு. ரயில் காத்துக்கிட்டிருக்கு. இறக்கு!”

சிரிக்கத்தான் போனார் பாலத்தம்மா. ஆனால் மணிச் சத்தம் காதில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. வலது கை மடியில் இல்லாத நெம்புகோலைப் பிடித்தது. பார்வை முனைகள் சேரும் இடத்தில் போய் நின்றது. ஸ்டுடியோக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ‘ஆடாதீங்க’ என்று சொல்லாமல் படம் எடுத்தார். எடுத்து முடித்தும் அந்தக் கண்கள் அசையவில்லை.

“பச்சை!” என்று கத்தினார்.

அப்போதுதான் இமை மூடித் திறந்தது.

அம்மாள் எழுந்து படத்தின் அருகில் போனார். ஜன்னலில் இருந்த முகத்தை விரலால் தொட்டார். “இது நானா?”

“இல்ல, பக்கத்து வீட்டுக்காரி.”

கம்ப்யூட்டரில் இருந்த மற்றப் படங்களையும் காட்டச் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “நான் லீவுல இருந்த வாரம் ஒண்ணுகூடக் காணோமே? அன்னைக்கும் பாலம் தூக்கியிருப்பாங்களே?”

ஸ்டுடியோக்காரர் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். “அன்னைக்கெல்லாம் வெளிச்சம் சரியில்ல.”

“ஆடத் தெரியாதவன்…” என்று தொடங்கிய அம்மாளால் முடிக்க முடியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இத்தனை வருஷமா இரும்பத் திட்டிக்கிட்டு இருந்தேனே” என்றார்.

பாஸ்போர்ட் வந்தது. அம்மாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழக்கதோஷத்தில் ஸ்டுடியோக்காரர் ஆற்றங்கரைக்குப் போய் முக்காலியை விரித்தார். மணி அடித்தது, பாலம் கைகளைத் தூக்கியது, கப்பல் போனது. நல்ல வெயில். அறையில் வேறு யாரோ இருந்தார்கள். அவர் லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை. வீட்டில் யாரும் இல்லாதது அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது.

போன் அதிர்ந்தது. மருமகன் ஒரு படம் அனுப்பியிருந்தார். கட்டிலில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். பாலத்தம்மாவின் கையில் துணியில் சுற்றிய பேத்தி. இருவருக்கும் கண் இறுக மூடியிருந்தது.

அதை அச்சடித்துக் கடையின் முன்கண்ணாடியில் மாட்டினார். பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, “என்னண்ணே, கண்ணே திறக்கலையே, வேற நல்ல படமா மாட்டக்கூடாதா?” என்று கேட்டார்.

“அதுக்கு என்ன குறைச்சல்?” என்றார் ஸ்டுடியோக்காரர். “நீங்க ஆடாதீங்க.”