வேர்க்காத தொட்டி

போன மே மாதம், ஒரு மத்தியான வேளை. 'டப்'பென்று ஒரு சத்தம். என் சிநேகிதர் அருளப்பன் வாத்தியார் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிற குட்டி அறையிலிருந்து திராட்சை ஒயின் ஓடி வந்து கூடத்தை நனைத்தது. கார்க் என் காலடியில் வந்து விழுந்தது.

ஒயினா... விருத்தாசலத்திலா? புருவத்தை உயர்த்தாதீர்கள். மதுவிலக்கு தளர்ந்திருக்கிற காலம் இது. தவிர, இது கடைச் சரக்கும் இல்லை. வாத்தியாரின் மனைவி தெரேஸ், மகள் கல்யாணத்துக்காகக் கறுப்புத் திராட்சையைப் பிழிந்து வீட்டிலேயே போட்டது. சம்பந்தி வீட்டார் புதுச்சேரிக்காரர்கள். கேக் வெட்டியதும் ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் ஒயின் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். "கடையில வாங்காதீங்க, எங்கூட்டு ஒயினே தரேன்" என்று தெரேஸ் வாக்குக் கொடுத்திருந்தார்.

போட்டது இருபத்துநாலு பாட்டில். இதோடு மூன்று போயிற்று. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். வெளியே கத்திரி வெயில். மிச்சமும் இந்தச் சூட்டில் பொங்கி, புளித்துக் காடியாகிவிட்டால், சம்பந்தி முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?

"அண்ணே, நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்றார் தெரேஸ். கண் கலங்கியிருந்தது.

கேட்டது சரியான ஆளிடம். இந்தப் பத்தியில் வாரா வாரம் என் பெருமையைக் கேட்டுப் பழகிய உங்களுக்குத் தெரியாதா? நான் பீங்கான் பட்டறையில், பாத்திரத்துக்குப் பளபளப்புப் பூச்சுப் போடுகிற கிளேஸ் செக்‌ஷன் சூப்பர்வைசர். சூளைக்குள் எவ்வளவு சூடு என்று நிறத்தைப் பார்த்தே சொல்கிறவன். மாடிப்படி அறையைக் குளிர வைப்பது எனக்கு ஒரு வேலையா?

வாத்தியார் பிரிட்ஜ் என்றார். "கரண்டு இருந்தாதானே சார் அது பிரிட்ஜு? போயிடுச்சின்னா வெறும் பீரோ" என்று தள்ளினேன். ஐஸ் பார்? கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் மரத்தூள்தான் மிஞ்சும். வெட்டிவேர்த் தட்டி கட்டி டேபிள் ஃபேன் வைக்கலாம்... அதற்கும் கரண்ட் வேண்டுமே!

"ஈர மணல் தொட்டி" என்றேன் முடிவாக. "நான் கொண்டாந்து தரேன். கவலய விடுங்க."

மறுநாளே, பட்டறையில் இருந்ததிலேயே அழகான இரண்டு பெரிய தொட்டிகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. பால் வெள்ளை. உள்ளேயும் வெளியேயும் என் செக்‌ஷன் கிளேஸ். அதில் முகம் பார்த்துப் பவுடர் போட்டுக்கொள்ளலாம். மணலைக் கொட்டி, நனைத்து, பாட்டில்களைக் கழுத்துவரை புதைத்தோம். ஸ்கூல் லேபிலிருந்து வாத்தியார் ஒரு தெர்மாமீட்டர் கொண்டுவந்து மணலில் செருகினார்.

மூன்று நாள் பார்த்தோம். அறை என்ன சூடோ, மணலும் கிட்டத்தட்ட அதே சூடு. நாலாவது நாள் — டப்!

"தெர்மாமீட்டர் சரியில்லை" என்றேன். வேறென்ன சொல்ல?

தெரேஸ் தொட்டியை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போய்க் குடிதண்ணீர்ப் பானையையும் தொட்டுவிட்டு வந்தார்.

"எங்கூட்டுப் பானைக்கு வேர்த்துக் கொட்டுது. அதான் தண்ணி சில்லுனு இருக்குது. உங்க தொட்டிக்கு ஒரு சொட்டு வேர்வ இல்லியேண்ணே?"

எனக்கு வேர்த்தது.

பாத்திரத்தின் நுண்துளைகள் வழியே தண்ணீர் கசிந்து, காற்றில் உலர்ந்தால்தான் உள்ளே குளிரும். அந்தத் துளைகளை ஒன்று விடாமல் அடைப்பதுதானே கிளேஸ்? அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறேன்! வேறு ஊர்க்காரன் பேசாமல் நாலு மண்பானை வாங்கி வைத்திருப்பான். பீங்கானுக்குப் பேர்போன எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் பளபளப்பு இல்லாத எதுவும் பாத்திரமாகவே கண்ணில் படாது. தெரியாத வேலை என்றால் நாலு பேரைக் கேட்கிறோம். கரைத்துக் குடித்த வேலையில்தான் யாரையும் கேட்பதில்லை... இல்லையா?

மறுநாள் காலை பட்டறையின் பின்பக்கம் போனேன். ஒரு தடவை சுட்டு, இன்னும் கிளேஸ் பூசாத தொட்டிகளில் கோணல்மாணலாக இருப்பவற்றுக்கு நான் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். எங்கள் செக்‌ஷன் கோவிந்தம்மாள் அவற்றை உடைப்பதற்காக மதில் ஓரம் குவித்து வைப்பார்.

"இதுல ரெண்டு வேணும்மா."

"நீங்க கழிச்சுப் போட்டதாச்சே சார்?"

"ஆமா. இப்ப எனக்கே வேணும்."

கோவிந்தம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தூக்கிக் கொடுத்தார்.

மணலையும் பாட்டில்களையும் அவற்றுக்கு மாற்றினோம். ஜன்னலைத் திறந்து காற்றை விட்டோம். சாயங்காலத்துக்குள் தொட்டியின் வெளிப்புறம் முழுக்க ஈரம் பூத்தது. தெர்மாமீட்டர் இறங்கியது. தெரேஸின் முகம் தெளிந்தது. காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் தண்ணீர் — வேறு பராமரிப்பே கிடையாது. அதற்குப் பிறகு ஒரு கார்க் கூடப் பறக்கவில்லை.

கல்யாணத்தன்று சம்பந்தி கிளாஸை உதட்டில் வைத்தார்.

"அருமையா இருக்குதுங்க! இந்த வெயில்லயும் இவ்ளோ சில்லுனு... எந்தக் கம்பெனி பிரிட்ஜு?"

"எல்லாம் எங்க அண்ணன் ஏற்பாடுங்க" என்று தெரேஸ் என்னைக் கைகாட்டினார். பளபளத்த தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையில் நெகிழ்ந்துபோனேன்.

கதை முழுவதையும் தெரிந்துகொண்ட கோவிந்தம்மாளிடம் அந்தப் பெருந்தன்மை எல்லாம் எதிர்பார்க்க முடியாது. இப்போது நான் சாக்பீஸைக் கையில் எடுத்தாலே கேட்கிறார்:

"குறி போட்டுடலாமா சார்... இல்ல, எங்கனா கல்யாணம் வருதா?"