எல்லோருக்காகவும் கேட்ட ஜெயந்தி அக்கா

லதாவின் அழைப்பு வந்தபோது, மகனுக்கு இரண்டாம் தண்ணீர் ஊற்றுவதற்காக வேப்பிலை போட்ட அண்டாவை மாடியில் வெயிலில் வைத்துவிட்டு நின்றிருந்தேன். அவனுக்கு அம்மை போட்டிருந்தது. அதனால்தான் நான் லதாவோடும் மற்ற தோழிகளோடும் வடக்கே பனிமலை ஏறப் போகவில்லை. உச்சியில் நின்ற சந்தோஷத்தைச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "என்னடி, ஏறிட்டீங்களா?" என்றேன். லதா வங்கியில் வேலை பார்ப்பவள். எதையும் நிதானமாகச் சொல்வாள். அன்றும் நிதானமாகத்தான் சொன்னாள். "ஜெயந்தி அக்கா இல்லடி. கீழ தூக்கிட்டு வர்ற வழியிலயே போயிட்டாங்க. நீ முதல்ல உக்காரு."

நான் உட்காரவில்லை. அண்டாவிலிருந்த வேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தேன் என்று மாமியார் பிறகு சொன்னார்.

அவரது உடல் விமானத்தில் வந்து பீர்க்கன்கரணை வீட்டுக்குப் போனது. எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அந்த வீடு. அம்மை கண்ட வீட்டிலிருந்து சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அங்கே கைக்குழந்தைகளும் வருவார்கள் என்பதால் நானும் எதிர்த்துப் பேசவில்லை. பறைச் சத்தம் கேட்டது. முகம் பார்க்கவில்லை. சில மாதங்கள் கழித்து இதை எழுதுவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஏரிக்கரையில் காலையில் நடக்கிற உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். பெருங்களத்தூரில் அவர் வேலை பார்த்த பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கும் தெரியும். உங்களில் சிலர் வரும் கோடை விடுமுறையில் முதல் முறையாக மலையேறப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவரை ஓரளவு தெரிந்தவர்களும் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

அவர் இந்தி டீச்சர். அப்பா ரயில்வேயில் இருந்ததால் நாக்பூர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். கல்யாணமாகித் தாம்பரம் பக்கம் வந்தவர். என் மகன் பிறப்பதற்கு முன்பு நானும் அதே பள்ளியில் கணக்கு எடுத்தேன். ஆசிரியைகளுக்கான கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. அதற்குப் பயந்து அங்கே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஜெயந்தி அக்கா காலையில் நிரப்பிய பாட்டிலை மாலையில் அப்படியே பையில் வைத்து எடுத்துப்போவார். ஒருநாள் எனக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தபோது பார்க்க வந்தார். "மூணாவது பீரியட் விட்டதும் ஓடிடணும்டி. வெக்கப்படாத. பிரின்சிபால் கேட்டா என்னைச் சொல்லு," என்றார். அடுத்த வாரமே முதல்வரிடம் சண்டை போட்டு, எனக்கு இரண்டு வகுப்புக்கு நடுவே இடைவெளி வாங்கித் தந்தார். அவருடைய பாட்டில் அப்போதும் நிறைந்தேதான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மலை யோசனை ஐ.டி. கம்பெனியில் வேலை செய்யும் பானுவுடையது. அவள் சொன்னதும் ஜெயந்தி அக்கா எங்களுக்கு மலைப் பள்ளிக்கூடமே நடத்த ஆரம்பித்துவிட்டார். லதா புது ஷூவை அட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தாள், மலைக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று. "அங்க போய் கொப்புளத்தோட உக்காந்திருப்ப. இன்னைலேர்ந்து மார்க்கெட்டுக்கும் இதுதான், பேங்குக்கும் இதுதான்," என்றார். லதா புடவைக்குக் கீழே அந்த ஷூவோடு பணம் எண்ணியதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிரித்தார்களாம். முதுகுப் பையில் அரிசி மூட்டை போட்டு எங்களை நாலு மாடி ஏற்றி இறக்கினார். பனியனும் பருத்திச் சுடிதாரும் வியர்வையில் நனைந்தால் குளிரில் காயாது என்பதை ஈரத்துணியை எங்கள் முதுகில் ஒட்ட வைத்துக் காட்டினார். எந்த மாத்திரை சாப்பிடுகிறோம், மாதவிலக்கு எப்போது வரும் என்பதையெல்லாம் வழிகாட்டியிடம் சொல்ல வேண்டும் என்றபோது பானு முகத்தைச் சுளித்தாள். "ஆம்பளகிட்ட எப்படிக்கா?" "நான் சொல்றேன் உனக்காக. எனக்கென்ன வெக்கம்," என்றார்.

மகனுக்கு அம்மை கண்ட அன்று மாலை, விடைபெற வந்த ஜெயந்தி அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நான் வாசற்படியில் நின்று அழுதேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பிள்ளை தும்மினால் டாக்டருக்குப் போன் செய்கிறவள். "விடுடி. அடுத்த தடவ நாம ரெண்டு பேரும் போவோம். உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிதான் மலைக்கு சரியான ஆளு. லேசா தல வலிச்சாலும் ஊரையே கூட்டிடுவ," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதுதான். அவரை நான் கடைசியாகப் பார்த்தது அந்தக் கேட்டுக்கு வெளியேதான்.

மேலே நடந்ததை லதாவும் பானுவும் தனித்தனியாகச் சொன்னார்கள். இருவர் சொன்னதிலும் வித்தியாசம் இல்லை.

வழிகாட்டிக்கு இந்தியும் அவருடைய மலைப் பேச்சும்தான் தெரியும். லதாவுக்கும் பானுவுக்கும் இந்தி சுத்தமாக வராது. தினமும் சாயங்காலம் டீ கொடுத்துவிட்டு அவர் கேள்வி கேட்பார். தலைவலி உண்டா, வாந்தி உண்டா, சாப்பிட முடிந்ததா, தூக்கம் வந்ததா. ஜெயந்தி அக்கா அதைத் தமிழில் இவர்களிடம் கேட்டு, பதிலை இந்தியில் சொல்வார். பிறகு தன் பதிலையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லிவிடுவார். அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் தமிழில் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பானுவுக்குத் தலைவலி. சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று மறைத்தாள். ஜெயந்தி அக்கா அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினார். "மலைகிட்ட பொய் சொல்லாத பானு. அது டீச்சர் மாதிரி. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிடும்." வழிகாட்டியிடம் அவரே சொன்னார். மறுநாள் ஏறாமல் அங்கேயே தங்கினார்கள். பானு சரியாகிவிட்டாள். ஆனால் கையில் இருந்த ஒரே உபரி நாள் அதில் போய்விட்டது. இன்னொரு நாள் நின்றால் உச்சி கிடையாது, அப்படியே இறங்க வேண்டியதுதான் என்று வழிகாட்டி சொன்னார். அதைத் தமிழில் சொன்னதும் ஜெயந்தி அக்காதான்.

அதன் பிறகு அவருக்கு வலி தொடங்கியிருக்க வேண்டும். கூடாரத்திலிருந்து எழுந்து இருட்டில் வெளியே போகக் கூச்சப்பட்டு அவர் தண்ணீரைக் குறைத்துவிட்டதை லதா பார்த்திருக்கிறாள். கேட்டதற்கு, "எனக்குப் பழக்கம்தான்டி," என்றாராம். தண்ணீர் குறைந்ததால் வந்த தலைவலி என்று அவரே நினைத்துக்கொண்டாரோ என்னவோ. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி குறைவாகக் காட்டியபோது, கை சில்லிட்டிருக்கிறது என்று சொல்லி டீ டம்ளரில் விரலைச் சூடாக்கி மறுபடியும் நீட்டினார். இம்முறை கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. அவருடைய இடுப்புப் பையில் வலி மாத்திரை அட்டை ஏறக்குறைய காலியாக இருந்ததை லதா பிறகுதான் பார்த்தாள்.

மறுநாள் ஏற்றத்தில் ஜெயந்தி அக்கா கடைசியில் வந்தார். கால் பின்னியது. சமதளத்திலும் பக்கவாட்டில் சாய்ந்தார். பானு திரும்பிப் பார்த்து, "என்னக்கா, குவார்ட்டர் அடிச்ச மாதிரி நடக்குறீங்க," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். முன்னால் போன வழிகாட்டி நின்று, என்ன சிரிப்பு என்று இந்தியில் கேட்டார். ஜெயந்தி அக்கா ஏதோ சொன்னார். அவரும் சிரித்துவிட்டு நடந்தார்.

உயரத்தில் ஒருவர் குடித்தவர் போலத் தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று பொருள். அந்த நிமிடமே அவரைக் கீழே இறக்க வேண்டும். இது அந்த வழிகாட்டிக்குத் தெரியும். பானு சத்தமாகவே சொன்ன அந்த வாக்கியம் அவருக்குப் புரியும் மொழியில் போய்ச் சேரவில்லை. கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் தள்ளாடிக்கொண்டிருந்தார்.

முகாமுக்குப் போனதும் வாந்தி எடுத்தார். கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். வழிகாட்டி ஓடிவந்து முகத்தில் டார்ச் அடித்துப் பார்த்துப் பெயரைக் கேட்டபோது, ஜெயந்தி அக்கா அவரிடம் தமிழில் பேசினாராம். பானுவிடம் இந்தியில் பேசினாராம். ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டி, அவரை முதுகில் கட்டிக்கொண்டு அப்போதே இறங்கினார்கள். ஜீப் நிற்கும் இடம் வரை அவர் தாங்கவில்லை.

ஊருக்கு வந்த செய்தி ஹார்ட் அட்டாக். கணேசன் சார்தான், அக்காவின் கணவர்தான், எல்லோரிடமும் அப்படிச் சொன்னார். நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். நான் இதை எழுதுவதற்கு இரண்டாவது காரணம் இதுதான். கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள் நிவேதா என்னைத் தேடி வந்தாள். "ஆன்ட்டி, ஏரிக்கரை குரூப்ல அடுத்த பேட்ச் கிளம்புறாங்களாம். அவங்ககிட்டயும் அப்பா ஹார்ட்டுன்னுதான் சொல்லியிருக்காரு. அவங்க ஈசிஜி எடுத்துட்டு நிம்மதியா போகப் போறாங்க. நீங்க எழுதுங்க," என்றாள். கணேசன் சாரைக் கேட்காமல் எழுத முடியாது என்று அவளோடு போனேன்.

அவர் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர். அதிகம் பேசாதவர். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "ஜெயந்தி பொய் சொன்னான்னு எழுதப் போறியாம்மா?" என்றார்.

"ஆமா சார்."

"சொந்தக்காரங்க ஏற்கெனவே பேசுறாங்க. இந்த வயசுல பொம்பளைக்கு மலை என்ன கேக்குதுன்னு. மறைச்சதாலதான் செத்தான்னு தெரிஞ்சா கிழிச்சிடுவாங்க."

"பேசட்டும்பா," என்றாள் நிவேதா. "நீங்க பேசாம இருந்தா நாலு பேரு போய் அதே மாதிரி மறைப்பாங்க."

அவர் ஃபேனைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டிருக்கேம்மா. 'என்ன டல்லா இருக்கே'ன்னு. 'ஒண்ணுமில்ல'ம்பா. நான் பஸ் பிடிக்க ஓடிடுவேன். ரெண்டாவது தடவ கேட்டதில்ல. கேட்டு, அவ ஆமான்னுட்டா, லீவு போடணுமே. ஒண்ணுமில்லங்கிறது எனக்கு சௌகரியமா இருந்துச்சு. மலைக்குப் போய் இத அவ கத்துக்கல. இந்த வீட்டுலதான் கத்துக்கிட்டா. எழுதுறதுன்னா அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

கிளம்புகிறவர்களே, ஷூவைப் பழக்குங்கள், மாடி ஏறுங்கள். அதெல்லாம் ஜெயந்தி அக்கா சொன்னபடிதான். ஆனால் தலை வலித்தால் மாத்திரை போட்டு அமுக்குவதற்கு முன் வழிகாட்டியிடம் சொல்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். வெளியே போகத் துணைக்கு ஆளை எழுப்புங்கள், திட்டினால் திட்டட்டும். வலியோடு இன்னும் உயரம் போகாதீர்கள். இறங்குவதுதான் மருந்து. வழிகாட்டியின் பேச்சு உங்களுக்குப் புரியாவிட்டால், தலைவலி, வாந்தி, மயக்கம், தள்ளாட்டம் என்கிற நாலு சொல்லையாவது அவர் மொழியில் நெட்டுருப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்காகப் பேசுகிறவரின் உடம்பைப் பற்றியும் நீங்கள் வாயைத் திறக்க வேண்டியிருக்கும்.

அஞ்சலி எழுதுகிறவர்கள் தங்களிடம் அன்புதான் மிஞ்சியிருப்பதாகச் சொல்வார்கள். எனக்கு அவர்மீது கோபம்தான் இருக்கிறது. எங்கள் ஒவ்வொருவர் வலியையும் சண்டை போட்டு வாங்கி வெளியே சொன்னவர், தன்னுடையதை மட்டும் ஏன் அப்படிப் பூட்டி வைத்தார் என்று சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன். அந்தக் கோபம் தணிய வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். அதை வைத்துக்கொண்டுதான் இப்போது நான் சில விஷயங்களைச் செய்கிறேன்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். மதியம் அலுவலகத்திலிருந்து கணவர் போன் செய்து எப்படி இருக்கிறாய் என்றார். வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. "நல்லா இல்லங்க. எழுந்தா தலை சுத்துது. கிளம்பி வாங்க," என்றேன். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்றார்.

கட்டிலோரம் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த மகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பெரியவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டிருக்கிறான்.

"அம்மா, நீயும் ஜெயந்தி ஆன்ட்டி மாதிரி செத்துப் போயிடுவியா?"

"இல்லடா," என்றேன். "அதான் அப்பாகிட்ட சொல்லிட்டேனே."