பஞ்சு ஒட்டாத தலை

பஞ்சை விரல் நுனியில் பிய்த்து, மழித்த தலையின் நெற்றிப் பக்கமிருந்து பிடரி வரை ஒருமுறை இழுப்பார். பிறகு எதிர்த்திசையில். எங்காவது ஓர் இழை ஒட்டிக்கொண்டால் நுரைக் கிண்ணமும் கத்தியும் மறுபடி வெளியே வரும். ஒட்டவில்லையென்றால் பஞ்சை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி" என்பார். அவருடைய அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயரே பஞ்சுதான். நர்ஸுகள் மரியாதைக்கு வால் ஒட்டி 'பஞ்சு சார்' ஆக்கிவிட்டார்கள். மூளை சிகிச்சைப் பிரிவின் கோடியில், ஒரு சாய்வு நாற்காலியும் ஒரு பெஞ்சும் போட்டால் நிறைந்துவிடுகிற அறை அவருடையது. வாரத்தில் சில காலைகள் இங்கே. மற்ற நேரம் எதிர்த்தெருவில் சொந்த சலூன். அங்கே ஓயாமல் அரசியல் பேசுவார். இங்கே அதைப் பற்றி மூச்சு விடமாட்டார். "இங்க வர்றவங்களுக்கு இப்ப யாரு ஆட்சின்னே ஞாபகம் இருக்காது சார். அவங்க எந்த ஆட்சியில இருக்காங்களோ, அதுலயே நிம்மதியா இருக்கட்டும்" என்பது அவர் கொள்கை.

நான் அங்கே போவது என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு. அவருக்கு மறதி நோய். பெற்ற மகளையே சில நாள் விருந்தாளியைப் போல நலம் விசாரிப்பார். மாப்பிள்ளையிடம் குறை கண்டுபிடிப்பது மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. மருந்தை மூளைக்குள் கொண்டுசேர்க்க ஒரு புது வழியைச் சோதித்துப் பார்க்கிறார்கள். சோதனைக்குச் சம்மதித்தவர்களில் அவரும் ஒருவர். டாக்டர் எங்களுக்குப் படம் போட்டு விளக்கினார். அதே படத்தைப் பஞ்சு சாருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார் போலிருக்கிறது. அவர் அதைத் தன் பாணியில் ஓட்டுவார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல ஒரு காவல்காரன் இருக்கான் சார். ரொம்பக் கறார். விஷம் வந்தாலும் விடமாட்டான், மருந்து வந்தாலும் விடமாட்டான். அதனால ரத்தத்துல பொடிப்பொடியா குமிழி ஏத்துறாங்க. தலையில ஒரு தொப்பி மாட்டி, நம்ம காதுக்குக் கேக்காத சத்தத்தை உள்ள அனுப்புறாங்க. குமிழி அதிருது, குழாய்ச் சுவர் கொஞ்சம் நெகிழுது. காவல்காரன் அசந்த நேரமாப் பாத்து மருந்து உள்ள போயிடும். ஒரு நாள் போனா அதுவே மூடிக்கும்."

"இதுல முடி என்ன பண்ணுச்சு?"

"முடிக்குள்ள காத்து ஒளிஞ்சுக்கும் சார். காத்து இருந்தா சத்தம் போகாது. அதுக்குத்தான் நான்."

பலன் எவ்வளவு என்று அடித்துச் சொல்ல டாக்டரே இன்னும் தயாரில்லை. பஞ்சு சாரும் யாருக்கும் எந்த உறுதியும் கொடுப்பதில்லை. கத்தியை எப்போதும் உட்கார்ந்திருப்பவர் கண்ணில் படாமல் அவர் முதுகுப் பக்கமாகத்தான் எடுப்பார். முதலில் வெறுங்கை இரண்டையும் விரித்துக் காட்டுவார். வெந்நீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் தலையில் விடுவார். போன மாதம் வந்த அதே ஆளிடம், அன்றுதான் சந்திப்பதுபோல வணக்கம் வைத்துத் தன்னை அறிமுகம் செய்துகொள்வார். சலித்துப்போகாதா என்று கேட்டேன். "தினம் ஒரு புதுக் கஸ்டமர் சார். எந்த சலூனுக்குக் கிடைக்கும்?" என்றார்.

தன் தலையையும் மழித்தே வைத்திருக்கிறார். அதற்குக் காரணம் உண்டு. சிகிச்சை முடிந்து வெளியே வருபவர்களுக்குத் தலை ஏன் இப்படி ஆனது என்று நினைவிருக்காது, பயந்துபோவார்கள். அப்போது போய் எதிரில் நின்று, "நம்ம ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்பார். பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். என் மாமனார் அந்தப் பாதியில் சேர்த்தி இல்லை.

"யாரு பண்ணது இது? மாப்பிள்ளை, நீங்களா?"

"நான்தான் சார் பண்ணேன். அடிக்கிறதுன்னா தலை காஞ்சப்புறம் அடிங்க" என்று பஞ்சு சார் குறுக்கே வந்து நிற்பார். எனக்காக இந்த அளவுக்குப் பரிந்து பேச என் வீட்டில்கூட ஆள் இல்லை.

இவ்வளவு கலகலப்பான மனிதர் ஒரே ஒருவருக்கு மட்டும் கத்தி எடுக்கும்போது வாயடைத்துப்போவார். அவருடைய அக்காவுக்கு.

அம்மாவும் அப்பாவும் வேலைக்கு ஓடிய வீட்டில் அவரை வளர்த்தது அக்காதான். பள்ளிக்கு அனுப்பும் முன் காதை மடக்கி, பின்னால் சோப்பு நுரை மிச்சமிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாசற்படியைத் தாண்ட விடுவாராம். "மடக்கி மடக்கி என் காதே கொஞ்சம் வெளிய வந்துடுச்சு சார்" என்று காட்டினார். பொய் இல்லை, கொஞ்சம் வெளியேதான் இருக்கிறது. அந்த அக்காவும் இப்போது சோதனைப் பட்டியலில் ஒரு நோயாளி. தம்பி வீட்டில்தான் இருக்கிறார். சாயங்காலமானால் அதே வீட்டு வாசலில் நின்றுகொண்டு, வீட்டுக்குப் போகணும் என்று அழுவார்.

"என்னை அடையாளம் தெரியணும்னுகூட நான் கேக்கல. அந்த அழுகை மட்டும் நின்னாப் போதும் சார்" என்றார் ஒருநாள். அவரிடமிருந்து நான் கேட்ட ஒரே வேண்டுதல் அதுதான்.

அடையாளம் தெரியாத நாட்களில் 'அக்கா' என்று கூப்பிட்டால் "யாருக்கு யாரு அக்கா?" என்று எரிந்து விழுவார். ஆகவே மற்றவர்களைப் போல 'அம்மா' என்றே கூப்பிடப் பழகிக்கொண்டார் தம்பி.

போன மாதம் பஞ்சு சார் ஒரு காரியம் செய்துவிட்டார். அக்காவுக்கு இடது காதின் பின்னால் ஒரு வெள்ளைக் கற்றை உண்டு. யோசிக்கும்போதெல்லாம் அதை விரலில் சுற்றிக்கொள்வது பழக்கம். தலை முழுவதையும் மழித்துவிட்டு அந்தக் கற்றையிடம் வந்தபோது, அக்கா அதைக் கையால் பொத்திக்கொண்டார். தம்பிக்கு மனம் வரவில்லை. இத்தனூண்டு முடியால் என்ன கெட்டுவிடும் என்று காதுக்குப் பின்னால் செருகி மறைத்து, பஞ்சையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் அனுப்பிவிட்டார். எத்தனையோ பேரைத் திருப்பி உட்காரவைத்து மறுமழிப்பு செய்த கறார்ப் பேர்வழி சொந்த அக்காவிடம் சறுக்கினார். தொப்பி மாட்டுகிற மிஷின் அறையில் கண்டுபிடித்துவிட்டார்கள். திரும்பக் கூட்டிவந்தால் அக்கா நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். அன்றைய சிகிச்சை போயே போச்சு. இன்னொரு தடவை தவறினால் சோதனையிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று டாக்டர் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். அந்த ஒரு மாதமும் பஞ்சு சார் சலூனில்கூட அரசியல் பேசவில்லையாம்.

இந்த மாதம் அக்கா வந்தபோது என் மாமனார் தலைவேலை முடிந்து பெஞ்சில் இருந்தார், பக்கத்தில் நான். அக்கா நாற்காலியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தலையில் நகக்கண் அளவு முடி. அந்த வெள்ளைக் கற்றை மட்டும் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாருப்பா நீ?"

"முடி எடுக்கிறவன்மா."

"இருக்கறதே இவ்வளவுதான். இதையும் எடுக்கணுமா? போப்பா."

நர்ஸ் எட்டிப் பார்த்து, மிஷின் தயார் என்றாள். பஞ்சு சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒரு பஞ்சைப் பிய்த்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, அவர் எதிரில் குனிந்தார்.

"நம்பிக்கை இல்லன்னா என் தலையைப் பாருங்கம்மா. இதுவும் என் கைவேலைதான். ஒட்டுதான்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

அக்கா அதைச் சிரத்தையாக எடுத்துக்கொண்டார். நெற்றி, உச்சி, பிடரி என்று நிதானமாகத் தடவினார். எங்கும் ஒட்டவில்லை. பஞ்சு சார் நிமிரப்போனார், அக்கா விடவில்லை. அவருடைய காதைப் பிடித்து முன்னால் மடக்கி, பின்பக்கம் ஓர் இழுப்பு இழுத்தார். பஞ்சு ஒட்டிக்கொண்டது.

"இதோ. உன் தலையே உனக்கு ஒழுங்கா வழிக்கத் தெரியல. என் தலையைத் தொட வந்துட்ட."

"நானும் அதைத்தான் சொல்றேன்" என்றார் என் மாமனார் பெஞ்சிலிருந்து.

தானே போய் மாட்டிக்கொண்டாரே என்று நினைத்தேன். பஞ்சு சாருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"தப்புதாம்மா" என்றார் தரையைப் பார்த்தபடி. "அந்தப் பக்கம் என் கண்ணுக்குத் தெரியல. பாத்துச் சொல்ல ஆள் இல்ல."

அக்கா பஞ்சையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆள் வேணும்ல" என்று சொல்லிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி மடியில் நிறுத்திக்கொண்டு, "ம், செய். நான் பாக்கறேன்" என்றார்.

அதன்பின் உத்தரவுகள்தான். அங்கே விட்டுட்ட, இங்கே அழுத்தாத, அவசரப்படாத. பஞ்சு சார் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே உச்சியிலிருந்து இறங்கி வந்தார். கடைசியில் கத்தி இடது காதோரம் வந்து நின்றது. வெள்ளைக் கற்றைக்கு மேல் கை அந்தரத்தில் நின்றுவிட்டது, அதை எடுக்க அவரால் முடியவில்லை. வாசலில் நர்ஸ் காத்திருந்தாள்.

அக்கா கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி, அதில் தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு விரலால் தன் இடது காதைத் தானே முன்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டார்.