துண்டை வீசாத வில்ஃப்

இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறைமுகத்தில் "துண்டை வீசாதே" என்றால் தோல்வியை ஒத்துக்கொள்ளாதே, விடாமல் நில் என்று பொருள். குத்துச்சண்டையிலிருந்து வந்த பேச்சு. தன் ஆள் இனி தாங்கமாட்டான் என்று தெரிந்தால், மேடை மூலையில் நிற்கும் துணையாள் துண்டை உள்ளே வீசுவார்; ஆட்டம் அத்தோடு முடிந்தது. வேலை தேடி அலைபவனுக்கும், மூன்றாம் பிரசவத்துக்குப் பயப்படுபவளுக்கும் ஊர் இதைத்தான் சொல்லும். சொல்லிவிட்டு, வில்ஃப் கார்பட்டைப் பார் என்று காட்டும்.

வில்ஃப் பகலில் வீடு வீடாக ஜன்னல் கண்ணாடி துடைப்பவர். மாலையில் மேடை மூலையில் நிற்பார். இருபத்தாறு வருடமாக அவர் தோளைவிட்டுத் துண்டு இறங்கியதில்லை. அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நார்மன் பர்விஸின் கடைசிச் சண்டைக்கும் அவர்தான் நின்றார். நார்மனின் அப்பாவோடு ஒரே படகில் மீன் பிடித்தவர். அந்த மனிதரைக் கடல் கொண்டுபோய்ப் பத்து வருடமாகிறது. என்ன ஆனாலும் வீசக்கூடாது என்று நார்மன் மதியமே அவரிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தான்.

எட்டுச் சுற்றில் ஆறாம் சுற்று முடிந்து நார்மன் முக்காலியில் வந்து உட்கார்ந்தான். புள்ளியில் அவன்தான் முன்னால். விளக்குகளைச் சுற்றிச் சிகரெட் புகை கடல்பனி போல் மிதந்தது. கூட்டத்தின் சத்தம் எங்கோ தூரத்தில் அலையடிப்பதுபோல் கேட்டது. அடிவாங்கிய தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்பதையே வில்ஃப் கேட்டார்.

"எங்கடா இருக்கே?"

"படகுலதான்," என்று நார்மன் சிரித்தான். "அப்பா வலைய இழுக்குறாரு. நீங்களும் ஒரு கை போடுங்க."

எவ்வளவு இதமாகச் சொன்னான். வில்ஃபுக்கும் காலடியில் பலகை மெல்ல அசைந்தது. விடியல், ஈர வலை, முதுகைக் காட்டி நிற்கும் நண்பன், எல்லாம் தெரிந்தன. அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது. அதற்குள் மணி அடித்தது. நார்மன் எழுந்து, எதிராளி இல்லாத பக்கமாக நடந்தான்.

வில்ஃப் துண்டை வீசினார்.

ஒன்பது நாள் நார்மன் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. பத்தாம் நாள் காலை, அவர் ஏணிமேல் நின்று கண்ணாடி துடைக்கும்போது, கீழே வந்து நின்று பிடிபிடியென்று பிடித்தான்.

"ரெண்டே சுத்துதான் பாக்கி. நான்தான் முன்னால இருந்தேன். சத்தியம் பண்ணிட்டு முதுகுல குத்திட்டீங்களே, பெரியவரே. இனி உங்க பேரு இந்த ஊர்ல செல்லாது."

வில்ஃப் துணியைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். ஒன்றுகூடக் குழறவில்லை. சுற்றுக் கணக்குகூடச் சரியாக இருந்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் திட்டுடா, மகனே," என்றார்.